முப்பது சுற்று

திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் ஏழு வருஷம் செம்புக் கம்பி சுற்றினேன். எண்பதுகளில் நடந்தது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "கரண்டு வேலை" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். விவரம் சொன்னால் யாருக்கும் புரியாது என்று ஒரு நினைப்பு. இப்போது விவரம் சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. அதனால் சொல்கிறேன்.

பெரிய மோட்டாருக்குப் போகிற கரண்டை நேராக மீட்டருக்குள் விட முடியாது. மீட்டர் கருகிவிடும். அதனால் மோட்டாருக்குப் போகும் கேபிளை ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைத்துவிடுவார்கள். அந்த வளையத்தின் உடம்பு முழுக்கச் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கம்பி முப்பது சுற்று என்றால், கேபிளில் நூற்றைம்பது ஆம்பியர் ஓடும்போது கம்பியில் முப்பதில் ஒரு பங்கு, ஐந்தே ஆம்பியர் ஓடும். அந்த ஐந்தை மீட்டர் தாங்கும். மீட்டர் சொல்வது மெய்யா பொய்யா என்பது அந்த முப்பதில் இருக்கிறது. வெளியே இதற்கு சி.டி. என்று பெயர். நாங்கள் ரிங் என்போம்.

நான் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் நெல்லும் கரும்பும் போட்ட வீட்டில் பிறந்தவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வாழ வந்த இடத்தில், லாரி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு இடுப்பு விட்டுப்போனபின் நான் வெளியே வேலைக்குப் போக வேண்டி வந்தது. போனேனே தவிர, தலை குனிந்து போகவில்லை. முதலாளி மற்றவர்களை வா, போ என்பார். என்னை வாங்க என்பார். அதை நான் கேட்டு வாங்கவில்லை. என் வேலை வாங்கிக் கொடுத்தது.

பட்டறை தொடங்கிய புதிதில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு மாதிரி ரிங் சுற்றச் சொன்னார். நூற்றைம்பதுக்கு முப்பது சுற்று, இருநூறுக்கு நாற்பது, இப்படி. எல்லாம் நான் சுற்றியவை. அவற்றைச் சீட்டு ஒட்டி மர பீரோவில் பூட்டி வைத்தார். புதிதாக ஒரு ரிங் முடிந்தால், அதையும் மாதிரியையும் ஒரே ஒயரில் கோத்து, இரண்டுக்கும் இரண்டு மீட்டர் மாட்டி, முள் ஒன்றாக நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் பாஸ். எனக்குச் சொல்லவே வேண்டாம், எப்போதும் நிற்கும்.

என் மேஜையில் எதிர்ப்பக்கம் இன்னொருத்தி இருந்தாள். கிளியனூரிலிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து போவாள். கல்யாணமாகாதவள், இருபத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போகிற குடும்பம். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. இவள் கூலியில்தான் அந்த வீட்டில் உலை ஏறிற்று. அவள் ரிங்கை மாதிரியோடு வைத்துப் பார்க்கும்போதெல்லாம் முள் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

"ஒரு சுத்து குறையுது பார். இன்னொன்னு போடு" என்பார் முதலாளி.

"முப்பது எண்ணித்தான் சுத்தினேன் முதலாளி."

"முள்ளு பொய் சொல்லுதா அப்ப? போடும்மா, ஜல்தி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று போடுவாள். முள் ஒன்றாக நிற்கும். இரண்டு வருஷம் இப்படியே நடந்தது. சத்தமாக எண்ணுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மனசுக்குள் எண்ணுவோம். நடுவில் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும் என்று வாயைப் பூட்டிக்கொள்வோம்.

ஒரு நாள் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அட்டை ஆலையிலிருந்து இன்ஜினியர் வந்தார். வைக்கோலை ஊறவைத்து அரைத்து அட்டை போடுகிற ஆலை. அரைப்பதற்கு மூன்று பெரிய மோட்டார்கள். மூவாயிரத்து முந்நூறு வோல்ட்டில் ஓடுபவை. பவர் கட் காலம் அது. இவ்வளவுக்குமேல் கரண்டு எடுக்கக் கூடாது என்று ஆலைக்குக் கட்டுப்பாடு. எந்த மோட்டார் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்தால்தான் எதை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று அவரால் முடிவு செய்ய முடியும். அதுவரை எங்கள் ரிங்குகள் போனதெல்லாம் சாதாரண பேனல் போர்டுகளுக்கு. ஆம்பியர் முள் ஏறக்குறைய காட்டினால் போதும், ஒருவரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். பவரை அளப்பதற்கென்று ரிங் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"நானூறு ஆம்பியர் ரிங்கு ரெடியா இருக்குது சார். இன்னிக்கே எடுத்துக்கினு போங்க" என்றார் முதலாளி.

"என் மோட்டார் முழு லோடுல அம்பத்தஞ்சு ஆம்பியர் எடுக்கும். வைக்கோல் நல்லா ஊறிடுச்சுன்னா முப்பதுதான். அதுக்கு நானூறா?"

"பெருசா இருந்தா சேஃப்டிதானே சார்?"

"மோட்டார் ஷார்ட் ஆனா சுவிட்சைத் தட்டிவிடறதுக்குன்னு தனியா ரிங் இருக்குங்க. அது எவ்வளவு வந்தாலும் தாங்கணும். எனக்கு வேண்டியது அளக்கற ரிங். கொஞ்சமா ஓடினாலும் சரியாச் சொல்லணும்."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஒரு கைப்பிடி கேப்பையை மரக்காலில் போட்டு அளவு கேட்டால் மரக்கால் என்ன சொல்லும்? அடியில் கொஞ்சம் கிடக்கிறது என்று சொல்லும். அவ்வளவுதான்.

எழுபத்தைந்து போதும் என்றார் இன்ஜினியர். முதலாளி யோசித்தார். எழுபத்தைந்து என்றால் பதினைந்தே சுற்று.

"பதினஞ்சு சுத்துல இந்த இரும்பு சரியா வேலை செய்யாது சார். லோடு கம்மியானா தூங்கிடும். ஒண்ணு பண்ணலாம். நூத்தம்பது ரிங்கு குடுக்கிறேன். உங்க கேபிளை அதுக்குள்ள ரெண்டு தரம் நுழைச்சிடுங்க. ரிங்குக்கு ரெண்டு மடங்கு ஓடற மாதிரி இருக்கும். எழுவத்தஞ்சுக்கு எழுவத்தஞ்சும் ஆச்சு, ரிங்கும் முழிச்சிக்கினு இருக்கும்."

இன்ஜினியர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு முதலாளி கேட்டார்: "மீட்டரு எங்க வைக்கப் போறீங்க?"

"மோட்டார் பக்கத்துலயே."

"அப்ப அஞ்சு ஆம்பியரே இருக்கட்டும். ஆபீஸ் ரூம் வரைக்கும் ஒயர் இழுக்கறதா இருந்தா ஒரு ஆம்பியர்தான் போடணும். அஞ்சு ஆம்பியரை அவ்ளோ நீள ஒயர்ல தள்ளிக்கினு போறதுலயே ரிங்கு களைச்சிடும்."

பவரை அளக்க வோல்ட்டும் வேண்டும்; அதை நூற்றுப்பத்தாக இறக்கித் தருகிற பெட்டி ஆலையில் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் வைத்திருந்த மாதிரி மீட்டருக்கு, ஒரு மோட்டாருக்கு இரண்டு ரிங் வீதம் போதும். ஆக ஆறு ரிங். நான் மூன்று, கிளியனூர்க்காரி மூன்று.

முடிந்த அன்று மாதிரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். காலையிலேயே கரண்டு போனது. சாயங்காலம்வரை வரவில்லை. ஆலையிலிருந்து வேன் வந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் நாலு தரம் ஹாரன் அடித்தான். முதலாளி கையைப் பிசைந்தார், பிறகு ஆறையும் கொடுத்தனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து ஆலையிலிருந்து போன் வந்தது. ஒரே மோட்டாருக்குப் போகிற இரண்டு கேபிளில் இரண்டு ரிங்கும் வேறு வேறு காட்டுகின்றன. ஐம்பது ஆம்பியருக்கு ஒன்றரை ஆம்பியர் வித்தியாசம். மூன்று மோட்டாரிலும் அப்படியே. ரிங்கை இடம் மாற்றிப் போட்டால் வித்தியாசமும் ரிங்கோடு சேர்ந்து போகிறது. கேபிள்மேல் குற்றமில்லை, ரிங்மேல்தான்.

முதலாளி போனை வைத்துவிட்டு நேராக எங்கள் மேஜைக்கு வந்து அவள் எதிரே நின்றார்.

"உன்னாலதான் இவ்ளோ பேஜாரு. நாளையிலேருந்து வராதே."

"எண்ணிப் பாருங்க முதலாளி. பிரிச்சு எண்ணிட்டு அப்புறம் சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா முள்ளு சொல்லிக்கினு இருக்குது. இன்னும் என்னத்தை எண்றது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நான் அப்படி ஏனோதானோன்னு வேலை செய்யறவளா?"

நான் அப்போது ஒரு சொல் நல்லதாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவள்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் என் மாதிரியை அவள் சந்தேகப்படுகிறாள் என்பதுதான் எனக்குத் தைத்தது.

"முப்பது வரைக்கும் எண்ணத் தெரியாதவங்க கம்பியைத் தொட வரக்கூடாதுடி" என்றேன்.

அவள் அழவில்லை. "விழுப்புரத்துக்கு நானும் வரேன். என் கண்ணு முன்னால பிரிங்க. என்மேல தப்புன்னா அப்படியே ஊருக்குப் போயிடறேன்" என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மாதிரி ரிங்கை நான் மடியில் துண்டு சுற்றி வைத்திருந்தேன். அவள் பின்னால் தனியாக உட்கார்ந்தாள். விழுப்புரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி ஆலைக்குப் போனோம். ஊறின வைக்கோல் நாற்றம் ரோட்டிலேயே மூக்கில் ஏறிற்று. அரைக்கிற கூடத்தில் ஒரு மோட்டாரை நிறுத்தி அதன் ரிங்குகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. கம்பி முனையை நான் உள்பக்கம் மடிப்பேன், அவள் வெளிப்பக்கம் மடிப்பாள். பார்த்தவுடன் தெரியும்.

முதலாளி மாதிரியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு ஒத்துவர்றது சரியான ரிங்கு சார். ஒத்துவராதது அந்தப் பொண்ணு சுத்தினது."

இன்ஜினியர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரியை எதோட வச்சுப் பார்த்தீங்க?"

"இந்தம்மா கை சார். அப்பழுக்கு சொல்ல முடியாது."

"கையை நான் ஒண்ணும் சொல்லலீங்க. எதோட வச்சுப் பார்த்தீங்க?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். மாதிரியை நாங்கள் எதோடும் வைத்துப் பார்க்கவில்லை. அப்போதுகூட எனக்கு ஒரு பயமும் வரவில்லை. பிரித்துப் பார்க்கட்டுமே என்றுதான் இருந்தது.

அவள் ரிங்கை முதலில் பிரித்தார்கள். டேப்பை அறுத்துவிட்டு அவளே கம்பியைக் கழற்றினாள். ஒவ்வொரு சுற்றும் விடும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. கடைசிச் சுற்று கையோடு வந்தபோது முப்பது. இன்ஜினியரும் கூடவே எண்ணினார், அவருக்கும் முப்பது.

"உங்களுதையும் பிரிங்கம்மா. நீங்களும் சத்தமாவே எண்ணுங்க."

முதல் சுற்றைக் கழற்றினேன். "லாபம்" என்றேன். அடுத்ததைக் கழற்றி "ஒண்ணு" என்றேன். "ரெண்டு, மூணு" என்று போய்க்கொண்டே இருந்தேன். முப்பது என்று சொல்லி முடித்தபோது கம்பியும் சரியாக முடிந்தது. நான் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி.

"மொதல்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"லாபம்ங்க."

"அதுவும் ஒரு சுத்துதானே?"

"அது கணக்குல சேராதுங்க" என்றேன்.

சொன்ன பிறகு அந்தச் சொல் என் காதிலேயே திரும்ப விழுந்தது. கூடத்தில் மற்ற இரண்டு மோட்டார்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் களத்தில் அறுவடைக் கூலி அளக்கும்போது அப்பா மரக்காலைத் தானே பிடிப்பார். முதல் மரக்காலைக் கொட்டும்போது "லாபம்" என்பார். அடுத்ததற்கு "ஒண்ணு". எல்லா ஊரிலும் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்பதற்குப் பதிலாகத்தான் லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. எங்கள் வீட்டில் மட்டும் அந்த லாபம் கணக்குக்கு வெளியே. அறுத்தவர்களுக்கு நாங்களாகக் கொடுக்கிற மரக்கால் அது. கூலிக்கு வருகிறவர்களுக்கு ஒன்று கூடக் கொடுக்கிற வீடு என்று எங்களுக்குப் பெயர் இருந்தது. நடக்கத் தெரிந்த நாள் முதல் எண்ணுவது என்றால் எனக்கு அதுதான். எதை எண்ணினாலும் முதலில் ஒன்றை வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். அதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. கம்பியையும் அப்படித்தான் சுற்றியிருக்கிறேன். முப்பத்தொரு சுற்று. மாதிரி எல்லாவற்றிலும் ஒன்று கூடுதல். அவளைத் திட்டித் திட்டிப் போட வைத்த அந்த ஒரு சுற்றும் அதுதான்.

ஆலை ஆள் ஒருவர், "நல்லா லாபம் பார்த்தீங்க போங்க" என்று சொல்லிச் சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. "கூட ஒரு சுத்து இருந்தா மீட்டர் குறைச்சுக் காட்டும். அதான் எனக்கு உதைச்சுக்கிட்டே இருந்தது" என்றார். என் ரிங்குகளிலிருந்து ஒவ்வொரு சுற்று அங்கேயே குறைத்துக் கட்டினோம். முதலாளி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பொம்பளைங்க வேலை சார், இப்படி அப்படி ஆயிடுது" என்று இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசி முடித்தார்.

திரும்பி வரும்போதும் அவள் தனியாகத்தான் உட்கார்ந்தாள். திண்டிவனத்தில் இறங்கியதும் பாண்டிச்சேரி பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முதலாளி ஆள் அனுப்பவும் இல்லை.

"அவளைக் கூப்பிடுங்க" என்றேன் அவரிடம்.

"வாய் ஜாஸ்திம்மா அவளுக்கு. ஆலையில எல்லார் முன்னாலயும் எப்படி நின்னா பாத்தீங்க இல்ல? விடுங்க. மாதிரி எல்லாத்தையும் நீங்களே திரும்பச் சுத்துங்க. இந்தத் தரம் ஒண்ணுன்னே ஆரம்பிங்க, அவ்ளோதான்."

எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அதே ஸ்டூல், அதே வாங்க போங்க. வாயை மூடிக்கொண்டால் நான்கு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கம்பியை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன். ஒண்ணு என்று தொடங்கினேன். பன்னிரண்டில் சந்தேகம் வந்து பிரித்தேன். மறுபடி சுற்றினேன், இருபதில் பிரித்தேன். அதுவரை ஒரு தரம்கூட நான் பிரித்துச் சுற்றியதில்லை. கம்பி கோணிப்போய் மேஜைமேல் கிடந்தது. வார்னிஷ் போடுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளி முன்னால் போய் நின்றேன். "அவ வரலைன்னா நானும் நாளையிலேருந்து வரலீங்க."

"என்னாம்மா நீங்க, உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"எனக்கு வைக்கலீங்க."

அவர் பேனாவால் தலையைச் சொறிந்தார். "வரட்டும்" என்றார் கடைசியில்.

சாயங்காலம் கிளியனூருக்குப் பஸ் ஏறினேன். அவள் வீடு எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தவளுடைய வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. விசாரித்துக்கொண்டு போனேன். அவள் முறத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சத்தத்தை வைத்து என் பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு?" என்றார்.

"பட்டறைக்காரங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"முதலாளி உன்னை வரச் சொன்னார்" என்றேன்.

"முதலாளி சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "என் எண்ணிக்கைதான் தப்பு" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்க்கா. விழுப்புரத்துலயே தெரிஞ்சு போச்சு." குரலில் கோபம்கூட இல்லை. "பட்டறையில யாருக்குத் தெரியும்? அங்க நான் இன்னமும் எண்ணத் தெரியாதவதான். நீங்க சொன்னது அங்க. அங்கயே வந்து சொல்லுங்க."

"சொல்றேன்."

"எல்லாரும் இருக்கும்போது."

"சரிடி, சொல்றேன்."

மறுநாள் அவள் வந்து வாசலுக்கு உள்ளே ஓர் எட்டு வைத்து நின்றாள். ஸ்டூலுக்குப் போகவில்லை. முதலாளி இருந்தார், வார்னிஷ்காரர் இருந்தார், தகரம் வெட்டுகிறவர் இருந்தார். நான் எழுந்தேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "இந்த ரெண்டு வருஷமா இவ சுத்தினதுதான் சரி. நான் சுத்தினதெல்லாம் ஒண்ணு கூட. இவளுக்கு எண்ணத் தெரியாதுன்னு நான் சொன்னது தப்பு."

தகரம் வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தினார். வார்னிஷ்காரர், "அப்ப இத்தினி வருஷமா வெளிய போனதெல்லாம்?" என்று கேட்டார். முதலாளி, "போனது போச்சு. வேலையப் பாருங்க" என்றார். அவை எந்தெந்த ஆலையில், எந்தெந்த போர்டில் உட்கார்ந்து குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தனவோ, நான் இன்றுவரை அறியேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். மாதிரிகளை அவள்தான் புதிதாகச் சுற்றினாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டு. நான் எதிரே டேப் கிழித்துக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குத் தன் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய், பட்டறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் அந்தப் பட்டறையில் இருந்த மீதிக் காலம் முழுவதும் அங்கே போய்த்தான் சாப்பிட்டாள்.